பதின்மூன்றாம் எண் வீட்டுப் பால் பை

நவம்பர் 6, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்த வேட்டி இன்னும் கொடியில் ஈரமாக. குடையில் ஒரு கம்பி விட்டுப்போயிருக்கிறது, இலுப்பூர் போகும்போது பார்க்க வேண்டும். அடுப்படியில் எலிப் புழுக்கை.

பால் 5.42. நேற்று 5.38.

இந்தப் பால் பை விஷயத்தை ஒரு தடவை முழுசாக எழுதி வைத்துவிடுகிறேன். எனக்கே ஒரு நாள் மறந்து போகலாம். இந்த முதியோர் குடியிருப்பில் இருபத்திரண்டு வீடு. எல்லா வீட்டுக் கேட்டிலும் ஒரு கொக்கி, கொக்கியில் மஞ்சள் துணிப்பை. பால்காரர் பாக்கெட்டைப் பையில் போட்டுவிட்டுப் போவார். ஏழு மணிக்குள் அவரவர் பையை உள்ளே எடுத்துவிட வேண்டும். ஏழுக்கு வாட்ச்மேன் முனியாண்டி நோட்டோடு ஒரு சுற்று வருவார். கொக்கி காலியாக இருந்தால் ஆள் எழுந்து நடமாடுகிறார் என்று ஒரு டிக். பை தொங்கினால் பெல் அடிப்பார். திறக்காவிட்டால் மாற்றுச் சாவி. நான் வந்த ஐந்து வருடத்தில் அப்படி இரண்டு பேரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருவரை உயிரோடு.

இன்று 13-ஆம் எண் பை ஏழுக்கும் தொங்கியது. பக்கத்து வீடு. கருப்பையா அண்ணன். பெல் நான்கு தடவை. கடைசியில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். கண் சிவந்து, தலை கலைந்து. முனியாண்டி நோட்டில் எழுதியதை அண்ணன் எட்டிப் பார்த்தார், சின்னப் பிள்ளை மார்க்கைப் பார்ப்பது மாதிரி.

எழுபத்தொன்பது வயது. பொன்னமராவதிப் பக்கம் வாழ்நாள் முழுக்க விவசாயம், மூன்றரை மணிக்கு எழுந்த மனிதர். மகன் கத்தாரில். சுகருக்கும் தூக்கத்துக்கும் டாக்டர் ஏதோ மாத்திரை மாற்றிக் கொடுத்ததிலிருந்து எழ முடியவில்லை.

சீப்பு வாங்க வேண்டும். இதை மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.


நவம்பர் 8, சனி

மழை இல்லை. வெயிலும் இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் மேனேஜரம்மா பேசினார். சின்ன வயதுதான், எல்லோரும் அங்கிள், ஆன்ட்டி. சிரித்த முகம். ஒரு மாதத்தில் மூன்று நாள் பை ஏழுக்கு மேல் தொங்கினால் வீட்டாருக்குத் தகவல் கொடுத்து, ‘கூடுதல் கவனிப்புக்கு’ மாற்றுவார்களாம். “ஒங்க நல்லதுக்குத்தான் அங்கிள்.” ரவா கேசரி கொடுத்தார்கள். நெய் போதாது.

கூடுதல் கவனிப்பு என்று போர்டில் எழுதியிருக்கும் இடத்துக்கு எங்கள் பெயர் பின்கட்டு. சமையல் கூடத்துக்குப் பின்னால் ஆறு அறை. 6-ஆம் எண் சௌந்தரம்மா போன மாதம் அங்கே போனார். மறு வாரமே அவர் வீட்டுக்குப் புதுத் திரைச்சீலை போட்டாயிற்று.

சாயங்காலம் கரு. அண்ணன் வந்தார். உட்காரவில்லை. கத்தரிச்செடியில் பூச்சி என்றார், மழை ஏமாற்றுகிறது என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு:

“டைங்கீப்பரே, நேத்தையோட ரெண்டு நாள் ஆயிருச்சுங்க எனக்கு.”

“தெரியும்ணே.”

“அங்கிட்டுப் போனவன் எவன் திரும்பி வந்தான்? சன்னலைத் தொறந்தா சுவரு. மழ வருதா வெயில் அடிக்குதான்னு தெரியாமக் கெடக்கணும். நான் அங்கிட்டுப் போக மாட்டேங்க.”

“சீக்கிரம் எந்திரிக்கப் பாருங்க.”

“முடியலையே. நீங்க அஞ்சரைக்கே எந்திரிச்சு நடக்குறீங்க. ஒங்க செருப்புச் சத்தம் எனக்குக் கனவுல கேக்குது, சளக் சளக்குன்னு. அப்படியே என் பையையும் எடுத்துட்டுப் போயிருங்களேன். பொறவு மெதுவாக் குடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?”

பார்க்கலாம் என்றேன்.

முப்பத்தொரு வருடம் டிப்போவில் டைம் கீப்பர். வண்டி கிளம்பாமல் கிளம்பியதாக ஒரு நாள் எழுதியதில்லை. கைக்குழந்தைக்குக் காய்ச்சல், பத்து நிமிஷம் லேட், நேரத்துக்கு வந்ததாக எழுதிக் காப்பாற்றுங்கள் என்று ஒரு டிரைவர் அழுதார். அப்போதும் எழுதவில்லை. என் மனைவி தனம் என்னை இரண்டு நாள் பேசாமல் தண்டித்தாள். ‘நேரத்தைக் கட்டிக்கிட்டு அழுங்க’ என்றாள்.


நவம்பர் 9, ஞாயிறு

6.35-க்கு 13-ஆம் எண் பையை எடுத்தேன்.

கொக்கியிலிருந்து எடுக்கும்போது தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டேன். திருட்டு மாதிரி இருந்தது. என் பையோடு சேர்த்து உள்ளே கொண்டுபோய்ப் பாலை ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஏழுக்கு முனியாண்டி வந்தார், பார்த்தார், டிக் போட்டார், போனார். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா?

7.50-க்குப் பாலோடு பின்பக்கமாகப் போனேன். உடனே திறந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த டிரைவருக்கும் செய்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

மகள் போன். வழக்கமான பேச்சு. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா. நான் கேட்பதா அவள் கேட்பதா என்று இரண்டு பேருக்கும் குழப்பம்.


நவம்பர் 12, புதன்

காலையில் நல்ல மழை, 5.10 முதல் 6.25 வரை. பால்காரர் லேட், 6.02. ரெயின்கோட் இல்லை, தலையில் உரச் சாக்கு.

கரு. அண்ணன் கதவு திறந்தது 8.05.

கத்தரிக்காய் நான்கு கொடுத்தார். குளியலறைத் தண்ணீர் வீணாகக் கூடாது என்று குழாயைத் திருப்பிச் செடிப் பாத்திக்கு விட்டிருக்கிறார். கால் சென்ட் இல்லாத இடத்தில் வாய்க்கால் வரப்பெல்லாம் கட்டி. ‘இதுக்கு முறைவச்சுத் தண்ணி விட ஆளு வேணும், டைங்கீப்பரே, வாரீங்களா வேலைக்கு?’ என்று ஒரே சிரிப்பு.

காப்பி ஆற்றும்போது டம்ளர் அவர் கை நழுவி விழுந்தது. வலது கை.

“மரத்துப்போச்சுங்க. படுத்த வாக்கு சரியில்ல.”

“நர்சம்மாகிட்டச் சொல்லுவோமா?”

“சொன்னா? நேரா பின்கட்டுதான். ஒங்களை ஒண்ணு கேட்டுக்கிறேன். சொல்லிராதீங்க.”

சொல்லவில்லை.

முனியாண்டி வாசலில் பிடித்துக்கொண்டார். “கருப்பையா ஐயா இப்பல்லாம் டாண்ணு பையை எடுத்துர்றாருங்க. பயந்துட்டாரு போல.” நான் சிரித்தேன். சிரிப்பு கொஞ்சம் நீளமாகப் போய்விட்டதோ.


நவம்பர் 15, சனி

எலிப்பொறி வைத்தேன். மசால்வடைத் துண்டு போயிருக்கிறது, எலி இல்லை.

சௌந்தரம்மாவைப் பார்க்கப் பின்கட்டுக்குப் போனேன். போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அண்ணன் அவ்வளவு பயப்படுகிறாரே, என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான்.

சுத்தமாகத்தான் இருக்கிறது. பினாயில் வாடை. டிவி ஓடுகிறது, யாரும் பார்க்கவில்லை. எல்லா அறைக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். சௌந்தரம்மாவுக்கு நைட்டி போட்டிருந்தார்கள். அவரைப் புடவை இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும்:

“மணி என்னங்க?”

“பதினொண்ணு இருவது.”

“காலையிலயா?”

“ஆமாம்மா.”

இரண்டு நிமிஷம் கழித்து, “மணி என்னங்க?”

சுவரில் ஆணி இருக்கிறது, கடிகாரம் இல்லை. பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் கேட்டேன். “கழட்டிட்டோங்க. இருந்தா பாத்துக்கிட்டே இருக்காங்க. சாப்பாடு வரலை, மகன் வரலைன்னு கேட்டுக்கிட்டே கெடப்பாங்க.”

திரும்பி வந்தபின் சாப்பாடு இறங்கவில்லை. என்னை அங்கே வைத்தால் நான் மணி தெரியாமலே செத்துப்போவேன். கரு. அண்ணனை அங்கே அனுப்ப விடக்கூடாது. முடிவு செய்தாயிற்று.


நவம்பர் 18, செவ்வாய்

மூடாக்கு. கார்த்திகை பிறந்தாயிற்று, எதிர் வீட்டு மீனாட்சியம்மா வாசலில் இரண்டு அகல் வைத்திருக்கிறார். கோலம் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் இரண்டு பையோடு நின்றேன். ‘என்னண்ணே, நல்லாருக்கீங்களா’ என்றார். நல்லா இருக்கேன் என்றேன்.

கரு. அண்ணன் கதவு திறந்த நேரம், நான் குறித்தவரை:

9-ஆம் தேதி – 7.50
12 – 8.05
15 – 8.20
17 – 8.30
18 – 8.50

டிப்போவில் இப்படி ஒரு வண்டி வரும். இன்றைக்கு ஐந்து நிமிஷம், நாளைக்குப் பத்து. டிரைவர் ஆயிரம் காரணம் சொல்வார், ரோடு, கூட்டம், ரயில்வே கேட். நான் நம்பமாட்டேன். ஷெட்டுக்கு அனுப்பு என்பேன். தினமும் தவறாமல் தள்ளிப்போகிற வண்டி நடுவழியில் நிற்கப் போகிற வண்டி.

இன்று பேச்சும் கொஞ்சம் குழறல். பல்செட் போடவில்லை என்றார். மேஜை மேல் கிண்ணத்தில் பார்த்தேன், பல்செட் இல்லை. வாயில்தான் இருந்தது.


நவம்பர் 21, வெள்ளி

சீப்பு வாங்கினேன்.

10.15-க்கு ஆபீஸ் போனேன். சொல்லிவிடுவது என்று. மேனேஜரம்மா போனில். எதிர் நாற்காலியில் இருபது நிமிஷம். சுவரில் பெரிய கடிகாரம், மூன்று நிமிஷம் ஃபாஸ்ட். போனை வைத்துவிட்டு, “என்ன அங்கிள்?”

“வெளி லைட்டு பல்பு போயிருச்சும்மா.”

“அவ்ளோதானா? சொல்லி அனுப்பிருக்கலாமே.”

பல்பு போகவில்லை. மத்தியானம் எலெக்ட்ரீஷியன் வந்து போட்டுப் பார்த்தார், எரிந்தது. என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சொன்னால் அவரைக் காட்டிக்கொடுத்தவன். சொல்லாவிட்டால்?

கதவு 8.55.


நவம்பர் 23, ஞாயிறு

வெயில். வேட்டி ஒருவழியாகக் காய்ந்தது.

நாளை சோமவாரம், ஆவுடையார்கோவிலுக்கு வேன். 6.15-க்குக் கிளம்புகிறது. பதினோரு பேர். எடுத்து வைக்க: சட்டை, பிரஷர் மாத்திரை, தண்ணீர், துண்டு, அரிசிப்பொரி.

கரு. அண்ணன் வரவில்லை, முழங்கால். “திருநீறு மட்டும் கொண்டாந்துருங்க.” பிறகு, “காலையில பை?”

“ஆறே காலுக்கு வண்டிண்ணே. ஒரு நாள் நீங்களே எடுத்துருங்களேன்.”

முகம் விழுந்துவிட்டது. “ஏற்கெனவே ரெண்டுங்க. ஒரு வாரந்தான, மாசம் பொறந்துட்டா பொறவு புதுக்கணக்கு. போற போக்குல எடுத்து ஒங்க வீட்டுல போட்டுட்டுப் போங்க. பாலு சாயங்காலம் வாங்கிக்கிறேன். ஒரு நாளைக்கு வரக்காப்பி குடிச்சாச் செத்தா போயிருவேன்?”

சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இங்கே எழுத நினைத்தேன். எழுத ஒன்றும் வரவில்லை.


நவம்பர் 25, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. இப்போது வரிசையாக எழுதுகிறேன், நேரத்தோடு. நேரம் தவறக்கூடாது.

5.40 – பால் வந்தது.

5.50 – 13-ஆம் எண் கேட். உள்ளே குளியலறையில் குழாய் ஓடும் சத்தம். அட, எழுந்துவிட்டாரே என்று நினைத்தேன். குளிக்கிறார். அப்படியானால் பையை அவரே எடுத்துக்கொள்வார், விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு, குளித்துவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டால்? எடுத்தேன். என் ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

6.15 – வேன்.

8.25 – கோவில். நல்ல தரிசனம். கருவறையில் ஆவுடை மட்டும்தான், மேலே லிங்கம் கிடையாது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். வடித்த சோற்றைக் கொட்டி ஆவியை நைவேத்தியமாகக் காட்டினார்கள். ஆவி மேலே போயிற்று. பக்கத்தில் மீனாட்சியம்மா கண்ணை மூடி நின்றார். நான் என்னவோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 9.05.

12.40 – அறந்தாங்கியில் சாப்பாடு. ரசம் நன்றாக இருந்தது.

4.10 – திரும்பி வந்தோம்.

4.14 – திருநீறோடு பின்பக்கம் போனேன். கத்தரிப் பாத்தி முழுக்கத் தண்ணீர். வரப்பு உடைந்து, செடிகள் சாய்ந்து, தண்ணீர் என் வீட்டுச் சுவர் வரை வந்திருந்தது. வாய்க்காலில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மனிதர் ஒரு சொட்டை வீணாக்கமாட்டார்.

4.19 – முனியாண்டி, மாற்றுச் சாவி.

4.21 – குளியலறைக் கதவை உடைத்தார்கள். தரையில். வலது பக்கம் அடியில் மாட்டி. குழாய் திறந்தபடி. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது. தோலெல்லாம் சுருங்கி வெளுத்து, ஊறப்போட்ட துணி மாதிரி. உயிர் இருந்தது.

4.52 – ஆம்புலன்ஸ்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே நேரம்தான். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? மேனேஜரம்மா உடனே சொன்னார்: “ஏழு மணிக்கு நல்லாத்தான் இருந்தாரு சார். பால் பையை உள்ள எடுத்திருக்காரு. நோட்டுல டிக் இருக்கு.” கத்தாருக்கும் அதையே போனில் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

நான் அங்கேதான் நின்றேன். இரண்டடி தூரத்தில். வாய் திறக்கவில்லை.

ஏழாக இருந்தால் என்ன, ஐந்தாக இருந்தால் என்ன, சாயங்காலம் ஆகிவிட்டதே, எல்லாம் ஒன்றுதான் என்று வேனில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குத் தெரியும், ஒன்று இல்லை. பை தொங்கியிருந்தால் ஏழு ஐந்துக்குக் கதவு திறந்திருக்கும். அவரைப் பின்கட்டுக்கு அனுப்பாமல் காப்பாற்றியவன் நான்.

ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட். ஒன்று அவருடையது. கொட்டவும் முடியவில்லை, காய்ச்சவும் முடியவில்லை.


நவம்பர் 28, வெள்ளி

காற்று. சாமரமாட்டம் தென்னை ஆடுகிறது. கடலில் என்னவோ புயல் சின்னமாம்.

அண்ணனுக்கு நினைவு இருக்கிறது, வலது பக்கம் முழுக்க வரவில்லை, பேச்சு இல்லை. மேனேஜரம்மா சொன்னார். மகன் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாராம். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பின்கட்டு.

என்னைப் பார்த்து, “நீங்க இல்லன்னா அவரு இருந்திருக்க மாட்டாரு அங்கிள். நீங்கதான பாத்தீங்க” என்றார். எல்லோர் முன்னாலும். கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன்.

வாந்தி வந்தது. பித்தமாக இருக்கும்.


டிசம்பர் 1, திங்கள்

பெருமழை. சோமவார வேன் ரத்து.

முனியாண்டி குடை இல்லாமல் வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“சார், அன்னிக்கி ஐயா வீட்டைப் பெருக்கிவிட்டது நான்தான். பையும் இல்ல, பாலு பாக்கெட்டும் இல்ல. பிரிட்ஜுல இல்ல, அடுப்படியில இல்ல, குப்பையிலயும் இல்ல.”

குடையை எடுத்து நீட்டினேன், வாங்கவில்லை.

“டிக் போட்டது நானு. கொக்கியத்தான் பாத்தேன், ஆளப் பாக்கல. கேட்டா என் வேலதான் போவும். எனக்கும் இங்கன விட்டா வேற போக்கு கெடையாது. நீங்களும் சொல்ல வேணாம். நானும் சொல்லல. வாரேன் சார்.”

மழையிலேயே போனார். அவர் மேல் கோபம் வந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

பாலைக் கொட்டினேன். கெட்டுப்போயிருந்தது.


டிசம்பர் 4, வியாழன்

நேற்று அண்ணனைக் கொண்டுவந்தார்கள். இன்று 10.30-க்குப் போனேன்.

சௌந்தரம்மாவுக்கு அடுத்த அறை. சன்னலுக்கு வெளியே சுவர், அவர் சொன்னது போலவே. முகத்தில் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எச்சில் துடைக்க ஒரு துண்டு. நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கழுத்தைத் திருப்பிவிட்டார். இடது கையை நீட்டினார். பக்கத்தில் உட்கார்ந்தேன். செடிக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று பொய் சொன்னேன். செடி எல்லாம் அழுகிவிட்டது.

பேசப் பார்த்தார், வாய் கோணிக்கொண்டது. ரொம்ப நேரம். முதலில் “செரு... செரு...” என்று. தண்ணீர் கேட்கிறாரோ என்று டம்ளரை எடுத்தேன். தலையை ஆட்டினார்.

“செருப்பு. கேட்டுச்சு.”

“என்னண்ணே?”

“சளக்... சளக்... வந்தீங்க.” மூச்சு வாங்கினார். “கூப்ட்டேன். வரல சத்தம். நின்னீங்க. பொறவு... போய்ட்டீங்க.”

அழவில்லை அவர். திட்டவில்லை. ஒரு செய்தி மாதிரி சொன்னார். அவ்வளவுதான் சொல்ல இருந்தது போல, கண்ணை மூடிக்கொண்டார்.

5.50-க்கு அவர் தரையில் கிடந்தார். குழாய்ச் சத்தம் அதுதான். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவரும் பத்தடியும். நான் நின்று யோசித்த அந்த ஒரு நிமிஷம் முழுக்க அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பிறகு பத்தரை மணி நேரம்.

என் வாட்சைக் கழற்றி அவர் இடது கையில் கட்டினேன். ரிட்டயர் ஆனபோது டிப்போவில் கொடுத்தது. பட்டையைக் கடைசி ஓட்டைக்கு இழுத்தும் தொளதொள.


டிசம்பர் 5, வெள்ளி

வாட்ச் திரும்பி வந்துவிட்டது. காகித உறையில் போட்டு மேனேஜரம்மா கொடுத்தனுப்பினார். ‘மற்றவர்களும் கேட்கிறார்கள் அங்கிள், தப்பாக நினைக்க வேண்டாம்’ என்று சீட்டு. ஓடவில்லை. எங்கோ இடித்திருக்கிறது.

எனக்குப் பிரஷர் கூடியிருக்கிறதாம். நர்சம்மா புது மாத்திரை கொடுத்தார், ராத்திரி ஒன்று. கொஞ்சம் தூக்கம் வரும் என்றார்.

முடிவு: நாளை ஒரு நாள் உடம்பைப் பார்த்துக்கொண்டு, ஞாயிறு பத்து மணிக்கு மேனேஜரம்மாவிடம் எல்லாம் சொல்வது. ஞாயிறு அவர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவார். சொல்ல வேண்டியவை:

1. பையை எடுத்தது நான். 9-ஆம் தேதியிலிருந்து.
2. டாக்டரிடம் சொன்ன நேரம் தவறு.
3. கை மரத்தது, பேச்சு குழறியது எனக்கு முன்னாலேயே தெரியும்.
4. பை உள்ளே போனால் மட்டும் போதாது, ஆளைப் பார்க்க வேண்டும். நோட்டை மாற்ற வேண்டும்.
5. முனியாண்டி பெயரை இழுக்கக் கூடாது.

மகளிடம் பிறகு. அவள் என்ன சொல்வாளோ.


டிசம்பர் 7, ஞாயிறு

கண் விழித்தபோது சன்னலில் வெயில். கையில் வாட்ச் இல்லை. ஹாலுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். 7.40.

என் வாழ்நாளில் இல்லை. தலை கனத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பை தொங்குமே, முனியாண்டி பெல் அடித்திருப்பாரே, கேட்கவே இல்லையே. கேட்டுக்கு ஓடினேன்.

கொக்கி காலி.

எடுத்துவிட்டேனா? எடுத்துவிட்டுத் திரும்பப் படுத்தேனா? ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். நேற்றைய மிச்சம்தான். அடுப்படி, மேஜை, எங்கேயும் இல்லை. சுற்று வந்து டிக் போட்டாயிருக்கும். நான் எழுந்துவிட்டதாக, நடமாடுவதாக.

8.05-க்குப் பின்கதவில் தட்டும் சத்தம். திடுக்கிட்டேன். எதிர் வீட்டு மீனாட்சியம்மா. கையில் என் மஞ்சள் பை. குரலைத் தாழ்த்திக்கொண்டு:

“அசந்து தூங்கிட்டீங்கண்ணே. ஏழாவப் போவுது, பை தொங்குது, நாந்தான் எடுத்து வச்சேன். பயப்படாதீங்க, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“எதுக்கும்மா...”

“இருக்கட்டும்ணே. கருப்பையா அண்ணனுக்கு நீங்க செஞ்சதப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். யாருக்கு வரும் அந்த மனசு? ஒங்களப் பின்கட்டுக்குப் போவ விட்டுருவமா? நாளைக்கும் நீங்க நல்லாத் தூங்குங்க. நான் பாத்துக்கிறேன்.”

எடுக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். கதவைத் தட்டுங்கள், பெல் அடியுங்கள், ஆளைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும். ஐந்து பாயிண்ட் எழுதி வைத்திருக்கிறேன். பின்கட்டுச் சுவரில் கடிகாரம் இல்லாத அந்த ஆணி ஞாபகம் வந்தது.

பையை வாங்கிக்கொண்டேன். “ரொம்ப நன்றிம்மா” என்றேன்.

இப்போது 11.20. பத்து மணிக்கு நான் கூடத்துக்குப் போகவில்லை.

இன்னொன்று. அவர் திரும்பிப் போகும்போது வாசல் பக்கம் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோலம் போட்ட ஈரக் கால், செருப்பு இல்லை. என் வீட்டிலிருந்து எதிர் வீடு வரை நடந்து போனார், ஒரு சத்தமும் கேட்கவில்லை.